ஹொகுசாயின் அலையில் இருப்பது யாருடைய நீலம்? ஜப்பானிய மரபுக் கலையும் மேற்கின் நவீனத்துவமும்

#1 கடல்நுரை

என் மேசைக்கு மேலே ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் ‘கனகாவா பெரிய அலை’ என்ற மரக்கட்டை அச்சுப் படம் ஆறு வருடமாகத் தொங்குகிறது. அருங்காட்சியகக் கடையில் வாங்கிய போஸ்டர்தான். வேலைக்கு நடுவே தலை நிமிரும்போதெல்லாம் கண் அதில் போய் விழும். ஜப்பான் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த நீலம்தான்.

அந்த நீலம் பிறந்தது பெர்லினில் என்று சமீபத்தில்தான் தெரிந்துகொண்டேன். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேறு நிறம் செய்யப் போன இடத்தில் தற்செயலாகக் கிடைத்த பிரஷ்ய நீலம் அது. டச்சு, சீன வணிகர்கள் மூலமாக நாகசாகியில் இறங்கியது. ஜப்பானியர்கள் அதற்கு ‘பெரோ-ஐ’ என்று பெயர் வைத்தார்கள். பெர்லின் அவுரி என்று பொருள். 1830 வாக்கில் விலை இறங்கியதும் எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்து அச்சுப் பதிப்பாளர்கள் அதை அள்ளிப் பயன்படுத்தினார்கள். ‘பியூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள்’ வரிசை அந்தச் சமயத்தில் வந்ததுதான். நன்றாக விற்றதால் மேலும் 10 படம் சேர்த்து மொத்தம் 46 ஆனது.

நிறத்தோடு விஷயம் முடியவில்லை. அந்த அலைக்குக் கீழே பியூஜி மலை எவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று பாருங்கள். அடிவானம் தாழ்ந்து கிடக்கிறது. தூரத்தில் இருப்பது சிறுத்துப்போகும் இந்த பர்ஸ்பெக்டிவ் முறை, டச்சுக்காரர்கள் கொண்டுவந்த செப்புத்தகட்டு அச்சுப் படங்கள் வழியாக ஜப்பானுக்குள் வந்தது. 1740களிலேயே ஒகுமுரா மசனொபு போன்றவர்கள் அதை வைத்து நாடக அரங்குகளின் உட்புறத்தை வரைந்திருக்கிறார்கள். ஹொகுசாயும் 1805 வாக்கில் ஓர் அலைப் படம் செய்திருக்கிறார். அதற்கு ஐரோப்பிய ஓவியம் மாதிரி சட்டம் போட்டு, தலைப்பை ஐரோப்பிய எழுத்துப் போலத் தெரியும்படி படுக்கைவாட்டில் எழுதியிருக்கிறார். ஆக, மேற்கைப் படித்து முடித்த மனிதரின் எழுபது வயதுக் கைதான் பெரிய அலையை வரைந்தது.

சில பத்தாண்டுகளில் அந்த அச்சுகள் பாரிசுக்குப் போகின்றன. அங்கே ஓவியர்கள், “மேற்கின் வாசனையே படாத கண் இது” என்று பரவசப்படுகிறார்கள்.

எனக்கு இப்போது ‘ஜப்பான் மேற்கைப் பாதித்தது’ என்ற வாக்கியமும் பாதிதான் சரி, ‘மேற்கு ஜப்பானைப் பாதித்தது’ என்பதும் பாதிதான் சரி என்று தோன்றுகிறது. போனது திரும்பி வருகிறது, வந்தது மறுபடி போகிறது. உங்களுக்குத் தெரிந்த உதாரணங்களைச் சொல்லுங்கள். நான் சொல்வது தவறென்றாலும் சொல்லுங்கள்.

#2 தாமரைக்குளம்

நல்ல தொடக்கம். வான்கோவைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நகராது, அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

1887இல் பாரிசில் இருந்தபோது அவர் ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் இரண்டு அச்சுகளை எண்ணெய் வண்ணத்தில் பிரதி செய்தார். கமேய்தோவின் பிளம் தோட்டம் ஒன்று, பாலத்தின் மேல் திடீர் மழை இன்னொன்று. இரண்டுமே 1857இல் வந்தவை, ‘எடோவின் நூறு புகழ்பெற்ற காட்சிகள்’ தொகுப்பில் உள்ளவை. பிரதியையும் அசலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எனக்குப் பெரிய பாடமாக இருந்தது. ஹிரோஷிகேயின் வானத்தில் நிறம் மேலிருந்து கீழே மெல்லக் கரைந்து இறங்கும். ஈர மரத்தில் துணியாலும் தூரிகையாலும் சாயத்தைத் துடைத்து வருவது அது. எண்ணெய் வண்ணத்தில் வான்கோவால் அதைச் செய்ய முடியவில்லை, செய்யவும் முயலவில்லை. பச்சையை அப்படியே தடிமனாகப் பூசி, பக்கத்திலேயே சிவப்பை வைத்தார். ஹிரோஷிகே காதோடு சொன்னதை இவர் தெருமுனையில் நின்று கத்துகிறார். ஆனால் சொல்கிற விஷயம் ஒன்றே: முன்னால் நிற்கும் பிளம் மரம் காட்சியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது, நாம் கிளைகளுக்கு இடையே எட்டிப் பார்க்கிறோம்.

ஒரு சின்ன விவரம். இரண்டு பிரதிகளையும் சுற்றி ஜப்பானிய எழுத்துகளால் கரை கட்டியிருப்பார். அந்த எழுத்துகள் அசலில் இல்லை, வேறு அச்சுகளிலிருந்து எடுத்தவை. அவருக்குப் படிக்கத் தெரியாது. எழுத்தை எழுத்தாகப் பார்க்காமல் கோடாகப் பார்த்த கண் அது.

1888 பிப்ரவரியில் ஆர்ல் நகரத்துக்குப் போனதும் தெற்கின் ஜப்பானைத் தேடித்தான். பிரான்சின் தெற்கில் ஜப்பான் எங்கே இருக்கிறது? அவர் மனத்தில் இருந்தது. தப்பான ஜப்பான்தான், ஆனால் அந்தத் தப்பு இல்லாமல் ஆர்ல் காலத்து ஓவியங்கள் நமக்குக் கிடைத்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

#3 அச்சுக்கூடம்

சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் 22 வருடம் வேலை பார்த்தவன். கலை வரலாறு தெரியாது, ஆனால் இந்த அச்சுகளைப் பார்த்தால் கை பரபரக்கும்.

நாங்கள் நான்கு வண்ணம் ஓட்டும்போது ஒரு பிளேட் மயிரிழை தள்ளினாலும் “ரிஜிஸ்டர் போச்சு” என்று மிஷினை நிறுத்துவோம். எடோவில் ஒரே படத்துக்கு பத்துப் பன்னிரண்டு தடவை, சில சமயம் அதற்கும் மேலே, தாளைக் கையால் மரத்தின் மேல் வைத்து எடுத்திருக்கிறார்கள். சுத்தமாக உட்கார்ந்திருக்கிறது. எப்படி? ஒவ்வொரு மரப்பலகையின் மூலையிலும் ‘L’ மாதிரி ஒரு வெட்டு, கொஞ்சம் தள்ளி நீளவாக்கில் இன்னொரு வெட்டு. ‘கெந்தோ’ என்று பெயர். தாளின் மூலையை ஒன்றிலும் விளிம்பை இன்னொன்றிலும் பொருத்திப் படுக்க வைப்பார்கள். அவ்வளவுதான் கருவி. மற்றதெல்லாம் கை. தாளின் முதுகில் ‘பரென்’ என்ற வட்டமான தேய்ப்பானால் தேய்த்தால் சாயம் நாருக்குள் இறங்கிவிடும். அழுத்த மிஷினே கிடையாது. மரம் காட்டுச் செர்ரி, நுண்ணிய கோடு உடையாமல் தாங்கும். 1765இல் சுசுகி ஹருனொபு காலத்தில் பல வண்ண அச்சு வந்ததற்குப் பின்னால் இந்தக் கெந்தோதான் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது வேறு. பாரிஸ்காரர்கள் ‘ஹொகுசாய்’, ‘உதமாரோ’ என்று ஓவியர் பெயரை மட்டும் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ஓவியர் கொடுப்பது மெல்லிய தாளில் கறுப்புக் கோடு. செதுக்குபவர் அந்தத் தாளையே மரத்தில் ஒட்டி, கோட்டோடு சேர்த்து வெட்டுவார், ஓவியம் அங்கேயே அழிந்துபோகும். சாயம் ஏற்றுபவர் வேறு ஆள். முதல் போட்டு, என்ன விற்கும் என்று முடிவு செய்து, நிறத்தில் தலையிட்டு, தணிக்கை முத்திரை வாங்கி வருபவர் பதிப்பாளர். நாலு பேர் சேர்ந்த தொழில். பெரிய அலையின் நகம் மாதிரி நுரையை மரத்தில் எடுத்தவர் பெயர் நமக்குத் தெரியாது. எனக்கு அது உறுத்துகிறது.

#4 கடல்நுரை

@அச்சுக்கூடம் அண்ணா, இந்த ஒரு பதிவுக்காகவே இழை தொடங்கியது வீண்போகவில்லை. ஓவியமே செதுக்கலில் அழிந்துவிடும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

நீங்கள் சொன்னது இன்னோர் இடத்தில் போய் முட்டுகிறது. ‘கலைஞன் ஒருவனே தனியாக நின்று படைக்கிறான்’ என்ற எண்ணம் ஜப்பானுக்கு மேற்கிலிருந்து வந்தது. 1904இல் யமமோதோ கனாயே ‘மீனவன்’ என்ற அச்சை வெளியிட்டார். வரைந்தது, செதுக்கியது, அச்சிட்டது எல்லாம் அவரே. அதிலிருந்து ‘படைப்பு அச்சு’ என்ற இயக்கம், ஜப்பானிய மொழியில் ‘சோசாகு-ஹங்கா’, வளர்ந்தது. நாலு பேர் கூட்டுத் தொழிலை உடைத்து ஒருவர் கையில் கொடுத்தது நவீனத்துவம். இன்னொரு பக்கம் வதனபே ஷோசபுரோ என்ற பதிப்பாளர் 1910களில் பழைய நாலு பேர் முறையையே காப்பாற்றி ‘புதிய அச்சு’ என்று நடத்தினார். கவாசே ஹசுயியின் மழையும் பனியும் அந்தப் பட்டறையிலிருந்து வந்தவை. அதில் வெளிச்சமும் நிழலும் விழும் விதம் மேற்கத்திய ஓவியத்தில் பழகியது. பழைய முறையில் புதிய கண், புதிய முறையில் பழைய மரம். எது மரபு, எது நவீனம் என்று எனக்கு உண்மையிலேயே பிரிக்கத் தெரியவில்லை.

#5 வெண்கலமணி

எல்லோரும் மகிழ்ச்சியாகப் பேசுகிறீர்கள், அதனால் கொஞ்சம் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். ‘போனது, வந்தது’ என்று ஊஞ்சல் மாதிரிச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஊஞ்சலை ஆட்டியது யார்?

1853இல் அமெரிக்கக் கடற்படைத் தளபதி பெர்ரி போர்க்கப்பல்களோடு வந்து நின்றார். 1858இல் ஐந்து நாடுகள் ஜப்பானோடு சமமற்ற ஒப்பந்தங்கள் போட்டன. சுங்க வரியைத் தானே நிர்ணயிக்கும் உரிமைகூட ஜப்பானுக்கு இல்லாமல் போனது. அதற்குப் பிறகுதான் பாரிசில் 1867 கண்காட்சி, வியன்னாவில் 1873 கண்காட்சி. இன்று ஜப்பானியர் ‘கலை’ என்பதற்குச் சொல்லும் ‘பிஜுத்சு’ என்ற சொல்லே வியன்னா கண்காட்சி ஆவணங்களை மொழிபெயர்க்க உருவாக்கியது. கலை என்ற தனிப் பெட்டி அதற்கு முன்பு அவர்களிடம் அந்த வடிவத்தில் இல்லை. மடக்குத்திரை அறையைப் பிரிக்கும், சுருள் ஓவியம் பருவத்துக்கு ஏற்ப மாடத்தில் தொங்கும், கிண்ணத்தில் தேநீர் குடிப்பார்கள். மேற்கு வந்து ‘இது கலை, இது கைவினை’ என்று பிரித்தது, அவர்கள் அந்தப் பிரிவுக்குள் தங்களைத் திருத்தி அடுக்கிக்கொண்டார்கள்.

ஹயாஷி ததமசாவை நினைத்துப் பாருங்கள். 1878 கண்காட்சிக்கு மொழிபெயர்ப்பாளராகப் பாரிசுக்குப் போனவர், அங்கேயே வணிகராகிவிட்டார். பிரெஞ்சு ஓவியர்கள் மோனேக்கும் தெகாவுக்கும் நண்பர். அச்சுகளை அவர் மூலமாகத்தான் ஐரோப்பா பெருமளவில் வாங்கியது. ஊரில் அவரை நாட்டுச் செல்வத்தை விற்றவர் என்று திட்டினார்கள். அந்த மனிதருக்கு ஒரே ஆசை, தான் சேர்த்த இம்ப்ரெஷனிச ஓவியங்களை வைத்து ஜப்பானில் ஓர் அருங்காட்சியகம் அமைக்க வேண்டும் என்று. 1906இல் இறந்தார். 1913இல் அவர் சேகரிப்பு நியூயார்க்கில் ஏலம் போனது. அச்சுகள் போய்ச் சேர்ந்தன, பதிலுக்கு வர வேண்டியது வரவில்லை. இதையும் பரிமாற்றம் என்றுதான் சொல்வோமா?

#6 தாமரைக்குளம்

வெண்கலமணி, ஒப்பந்தங்கள் பற்றி நீங்கள் சொல்வது முழுக்க சரி. ஆனால் அமெரிக்க ஓவியர் மேரி கசாட் 1890இல் பாரிஸ் கலைப் பள்ளியில் ஜப்பானிய அச்சுக் கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்து, அடுத்த வருடம் பத்து வண்ண அச்சுகள் செய்தாரே, அதில் குழந்தையைக் குளிப்பாட்டும் பெண்ணைப் பாருங்கள். அதைக் கொள்ளை என்று சொல்ல எனக்கு நா வரவில்லை. ஒருவர் இன்னொருவரிடம் கற்றுக்கொண்ட படம் அது. சந்தையும் கற்றலும் ஒரே கப்பலில் வந்திருக்கலாம், இரண்டும் ஒன்றே ஆகிவிடாது.

#7 சித்திரமாடம்

ஓவிய ஆசிரியை. பதினொன்றாம் வகுப்புக்கு இந்தப் பகுதியை வருடாவருடம் நடத்துகிறேன், அதனால் நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெண்கலமணி சொன்னதில் ஒரு சங்கிலி விட்டுப்போயிருக்கிறது. ஜப்பானியர்கள் சும்மா அடுக்கப்பட்டுக்கொண்டிருக்கவில்லை. 1876இல் அரசு ஒரு தொழில்நுட்பக் கலைப் பள்ளி தொடங்கி, இத்தாலியிலிருந்து ஃபொந்தனேசி என்ற ஓவியரை வரவழைத்து எண்ணெய் வண்ணம் கற்பித்தது. சில வருடங்களிலேயே காற்று திசை மாறியது. 1878இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தத்துவம் சொல்லிக்கொடுக்க வந்த அமெரிக்கர் ஃபெனொல்லோசா, பழைய கோயில்களில் கிடந்த ஓவியங்களைப் பார்த்து மலைத்துப்போனார். 1882இல் ஓர் உரையில் ஜப்பானிய ஓவியமே உயர்ந்தது என்று பேசினார். அவருடைய மாணவர் ஒககுரா தென்ஷின். இவர்கள் முயற்சியில் 1889இல் திறந்த டோக்கியோ நுண்கலைப் பள்ளியில் மேற்கத்திய ஓவியத்துக்கு வகுப்பே கிடையாது. 1896இல்தான் பாரிசில் படித்துவிட்டு வந்த குரொதா செய்கியின் தலைமையில் அந்தத் துறை வந்தது.

இப்போது கவனியுங்கள். அந்தப் பள்ளியில் கற்பித்த ‘நிஹோங்கா’, அதாவது ஜப்பானிய ஓவியம், பழைய ஓவியமே அல்ல. அந்தப் பெயரே மேற்கத்திய ஓவியம் வந்த பிறகு, அதிலிருந்து பிரித்துக் காட்ட நிலைபெற்ற பெயர். பட்டு, கனிமப் பொடி, விலங்குப் பசை, எல்லாம் பழைய பொருள்கள். ஆனால் காற்றையும் வெளிச்சத்தையும் வரைய வேண்டும் என்று ஒககுரா சொன்னதும், யொகொயாமா தைகானும் ஹிஷிதா ஷுன்சோவும் ஓவியத்தின் உயிரான மைக்கோட்டையே விட்டுவிட்டு நிறத்தை ஈரத்தில் கரைத்தார்கள். விமர்சகர்கள் அதை ‘மங்கல் பாணி’ என்று ஏசினார்கள். மரபைக் காக்க வந்தவர்கள்தான் மரபின் மைக்கோட்டை அழித்தார்கள். எனக்கு இது குறையாகவே படவில்லை. மரபு உயிரோடு இருந்தால் இப்படித்தான் நடக்கும்.

அந்த மங்கல் எங்கே போனது தெரியுமா? ஒககுரா 1902இல் கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தோடு பழகினார். அடுத்த வருடம் தைகானும் ஷுன்சோவும் அங்கே வந்தார்கள். தைகான் வேலை செய்வதைப் பார்த்துத்தான் அபனீந்திரநாத் தாகூர் தாளை நனைத்து நிறத்தைக் கழுவும் முறையைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். வங்கப் பாணியின் அந்தப் புகைமூட்டம் அங்கிருந்து வந்தது. அபனீந்திரநாத்தின் மாணவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி 1929இல் சென்னை ஓவியப் பள்ளியின் தலைமைக்கு வந்தார். மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்தவர் அவர்தான். அவருடைய மாணவர் கே.சி.எஸ். பணிக்கர். சோழமண்டலம் ஓவியர் கிராமம் பணிக்கர் தொடங்கியது. எழும்பூரில் இருக்கும் அந்தச் சென்னைப் பள்ளியிலிருந்து நேராக டோக்கியோவுக்கு ஒரு கோடு இழுக்க முடியாது, இடையில் எவ்வளவோ மாறியிருக்கிறது. ஆனால் வழி அது.

#8 மாலைநேரம்

டீச்சர், ஒரு கேள்வி. அப்படியென்றால் கலப்பில்லாத ஜப்பானியக் கலை என்று எங்கேயாவது இருக்கிறதா? ஜென் தோட்டம், மை ஓவியம் இவையாவது?

#9 சித்திரமாடம்

மை ஓவியம் சீனாவிலிருந்து ஜென் துறவிகளோடு வந்தது தம்பி. செஷ்ஷு 1467இல் சீனாவுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர். கலப்பில்லாதது எது என்று தேடுவதை விட, வந்ததை அவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள்.

#10 தூண்வரிசை

கட்டிடக்கலைப் பக்கத்திலிருந்து வருகிறேன். எங்கள் துறையில் இந்தக் கதை இன்னும் சிக்கல்.

கியோத்தோவில் கட்சுரா அரண்மனை என்று 17ஆம் நூற்றாண்டு இளவரசர் மாளிகை ஒன்று இருக்கிறது. 1933இல் நாஜிகளிடமிருந்து தப்பி ஜப்பானுக்கு வந்த ஜெர்மன் கட்டிடக்கலைஞர் புரூனோ தவுத்தை, வந்து இறங்கிய மறுநாளே, அவருடைய பிறந்தநாளில், அங்கே கூட்டிப்போனார்கள். அவர் உருகிப்போனார். அலங்காரம் மிகுந்த நிக்கோ சன்னதியை வெறுத்தார், கட்சுராவை நவீனக் கட்டிடக்கலையின் உச்சம் என்று எழுதினார். உலகம் கட்சுராவை தவுத் கண்டுபிடித்தார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. கூட்டிப்போனவர்கள் யார்? ஏற்கெனவே ஐரோப்பிய நவீனக் கட்டிடக்கலையைப் படித்த ஜப்பானியக் கட்டிடக்கலைஞர்கள். எதைக் காட்ட வேண்டும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஜெர்மனியில் பவ்ஹவுஸ் என்ற நவீனக் கலைப் பள்ளியை நிறுவிய கட்டிடக்கலைஞர் குரோபியஸ் 1954இல் ஜப்பானுக்கு வந்தார். ரியோஆன்-ஜி கோயிலின் கல் தோட்டத்திலிருந்து இன்னொரு நவீனக் கட்டிடக்கலைஞரான லெ கொர்பூசியேவுக்கு ஓர் அஞ்சலட்டை போட்டார். நாம் எதற்காகப் போராடினோமோ அதற்கு இணையானது பழைய ஜப்பானில் இருக்கிறது என்பது சாரம். அப்புறம் 1960இல் ஜப்பானியக் கட்டிடக்கலைஞர் கென்சோ தங்கேயும் குரோபியஸும் எழுதிய கட்சுரா புத்தகம். இஷிமோதோ யசுஹிரோ எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள். அவர் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்து, பவ்ஹவுஸ் வழிவந்த சிகாகோ பள்ளியில் படித்தவர். அந்தப் படங்களில் கூரையை நீங்கள் அநேகமாகப் பார்க்கவே முடியாது! தூண், பாய் விளிம்பு, தாள் கதவின் சட்டம், செங்குத்தும் கிடையுமாகக் கோடுகள். மோந்திரியான் ஓவியம் மாதிரி இருக்கும். நான் கல்லூரியில் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் கட்சுராவைக் காதலித்தேன்.

பின்னால் 1980களின் தொடக்கத்தில், அரண்மனையைப் பிரித்துப் பழுதுபார்த்த பிறகு, இஷிமோதோ மறுபடி போய் வண்ணத்தில் எடுத்தார். அதில் வளைந்து இறங்கும் கூரை இருக்கிறது, வேலைப்பாடான கதவுப் பிடிகள் இருக்கின்றன, ஷோகின்-தெய் தேநீர்க் குடிலின் நீலமும் வெள்ளையுமான பெரிய கட்டங்கள் இருக்கின்றன. அதே மனிதர், அதே வீடு. முதல் தடவை அவர் பொய் சொல்லவில்லை, அவருக்குக் கற்றுக்கொடுத்த கண்ணால் பார்த்தார். எனக்கு முதல் தொகுப்புதான் இன்றும் பிடிக்கும், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் என் மாணவர்களுக்கு இரண்டையும் சேர்த்துத்தான் காட்டுகிறேன்.

#11 புதுவைக்காற்று

தூண்வரிசை சார், எங்கள் ஊரில் இருக்கும் கொல்கொண்டாவை விட்டுவிட்டீர்களே!

அரவிந்தர் ஆசிரமத்தின் தங்குமிடம். வடிவமைத்தவர் கட்டிடக்கலைஞர் அந்தோனின் ரேமண்ட், செக் நாட்டில் பிறந்தவர். டோக்கியோவில் இம்பீரியல் ஹோட்டல் கட்ட அமெரிக்கக் கட்டிடக்கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டோடு 1919இல் ஜப்பானுக்கு வந்து, அங்கேயே அலுவலகம் போட்டுவிட்டார். அவர் அலுவலகத்திலிருந்து 1937இல் புதுச்சேரிக்கு வந்து வேலையைப் பார்த்துக்கொண்டவர் ஜார்ஜ் நகஷிமா, ஜப்பானியப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்தவர். ஆசிரமத்தில் அவருக்கு சுந்தரானந்தா என்று பெயர். பணம் ஹைதராபாத் நிஜாம் அரசிலிருந்து வந்ததால் கட்டிடத்துக்குக் கொல்கொண்டா என்று பெயர் வந்தது.

வெளியே நின்று பார்த்தால் கான்கிரீட் பெட்டி. ஆனால் வடக்கிலும் தெற்கிலும் சுவருக்குப் பதிலாக மேலிருந்து கீழ்வரை திருப்பக்கூடிய பலகைகள். கண்ணாடி கிடையாது. அறைக்கும் நடைவழிக்கும் இடையில் தேக்குச் சட்டங்களாலான நகரும் கதவு, காற்று போகும், கண் போகாது. ஜப்பானிய வீட்டில் தாள் கதவு செய்யும் வேலையை இங்கே கான்கிரீட்டும் தேக்கும் செய்கின்றன. சித்திரை வெயிலில் ஒருமுறை உள்ளே போயிருக்கிறேன். மின்விசிறி நினைவே வரவில்லை.

அதற்குப் பிறகு நகஷிமாவுக்கு நடந்தது எனக்கு மறக்க முடியாதது. அமெரிக்கா திரும்பினார். 1942இல் ஜப்பானிய வம்சத்தவர் என்பதற்காக ஐடஹோ மாநிலத்து மினிதோகா முகாமில் குடும்பத்தோடு அடைத்தார்கள். ஜப்பானிய மரபுத் தச்சு வேலையை அவர் ஊன்றிக் கற்றது அங்கேதான், கூட அடைபட்டிருந்த ஒரு தச்சரிடம். 1943இல் ரேமண்ட் பொறுப்பேற்று வெளியே கொண்டுவந்தார். பிறகு பென்சில்வேனியாவில் மரத்தின் இயற்கை விளிம்பை வெட்டாமல் விட்டு அவர் செய்த மேசைகள் உலகம் முழுக்க அறியப்பட்டவை.

#12 வெண்கலமணி

புதுவைக்காற்று, நன்றி. முள்வேலிக்குள் கற்ற தச்சு. நான் #5இல் சொல்ல நினைத்ததும் இதுதான், எனக்குச் சொல்ல வரவில்லை. கற்றல் நடந்தது, வேலியும் இருந்தது. இரண்டில் ஒன்றை விட்டுவிட்டுப் பேசக்கூடாது.

#13 மைக்குச்சி

எழுத்துக்கலைப் பக்கம் யாரும் போகவில்லை. சுருக்கமாக.

1951இல் கியோத்தோவின் மொரிதா ஷிர்யூ ‘பொகுபி’ என்ற எழுத்துக்கலை இதழைத் தொடங்கினார். முதல் இதழின் அட்டையில் போட்டது ஒரு நியூயார்க்காரரின் ஓவியம்: ஃபிரான்ஸ் கிளைன். வெள்ளையில் பாய்ந்து போகும் தடித்த கறுப்புக் கோடுகள். “இதோ, நாங்கள் செய்வதையே ஒருவர் அங்கே செய்கிறார்” என்ற மகிழ்ச்சி அவர்களுக்கு. கிளைனோ பிற்பாடு தன் ஓவியத்துக்கும் எழுத்துக்கலைக்கும் தொடர்பில்லை என்றார். காரணம் என்ன சொன்னார் தெரியுமா? நான் கறுப்பை மட்டும் வரைவதில்லை, வெள்ளையையும் வரைகிறேன், இரண்டும் சமம் என்று. ஜப்பானிய எழுத்துக்கலை ஆசிரியர் முதல் வகுப்பிலேயே சொல்வதும் அதையேதான். எழுதாமல் விட்ட வெண்மைக்கு அங்கே ‘யொஹகு’ என்று பெயரே உண்டு. விலகுவதற்கு அவர் சொன்ன காரணமே அவரைப் பக்கத்தில் கொண்டுவந்துவிடுகிறது.

மொரிதாவின் நண்பர் இனோவே யூயிச்சி 1950களின் நடுவில் எழுத்தையே விட்டுவிட்டு வெறும் கோடாக எழுதிப் பார்த்தார், எனாமலில்கூட. பிறகு திரும்பி வந்தார். ஒரே ஓர் எழுத்து, தாள் நிறைய. படிக்க முடிகிற எழுத்து. நானும் இரண்டு வருடமாகத் தூரிகை எழுத்துப் பழகுகிறேன். எழுத்து என்ற கட்டுப்பாடு இல்லாவிட்டால் கை அலைபாய்கிறது என்பது மட்டும் தெரிகிறது.

#14 அச்சுக்கூடம்

முனகதா ஷிகோவை யாரும் சொல்லவில்லையே. எனக்குத் தெரிந்த ஒரே பெரிய பெயர் அவர்தான்.

வடக்குக் கோடி அஒமோரியில் கொல்லர் மகன். பார்வை ரொம்பக் குறைவு. ‘ஷிரகபா’ இதழில் வந்த வான்கோவின் சூரியகாந்தியைப் பார்த்து, நான் வான்கோ ஆகப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டு 1924இல் டோக்கியோவுக்கு வந்தார், எண்ணெய் வண்ணம் வரைய. அங்கே போனதும் அவருக்கு ஒன்று உறைத்தது: தான் வணங்கும் வான்கோ வணங்கியது இந்த ஊர் மரக்கட்டை அச்சை அல்லவா? எண்ணெயை விட்டுவிட்டு உளியை எடுத்தார். மூக்கு பலகையில் உரச உரச, வேகவேகமாகச் செதுக்குவார். ‘ஹங்கா’ என்ற சொல்லில் ‘அச்சு’ என்று வரும் எழுத்தை மாற்றி, ‘பலகை’ என்ற எழுத்தைப் போட்டு, தன்னுடையதைப் பலகை ஓவியம் என்றே அழைத்தார். மரம் என்ன சொல்கிறதோ அதைக் கேட்க வேண்டுமாம். 1956இல் வெனிஸ் பியனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சியில் அச்சுக்கலைக்கான பெரும் பரிசு அவருக்குக் கிடைத்தது.

கடல்நுரை தம்பி கேட்ட ‘போய்த் திரும்பி வருவது’ இதை விடத் தெளிவாக எங்கே இருக்கும்?

#15 கடல்நுரை

அண்ணா, இருக்கிறது. வெண்கலமணிக்குப் பதிலாகவும் இதை எழுதுகிறேன்.

டோக்கியோவின் உவேனோ பூங்காவில் இரண்டு அருங்காட்சியகங்கள் சில நிமிட நடையில் இருக்கின்றன. ஒன்று டோக்கியோ தேசிய அருங்காட்சியகம். அதன் உக்கியோ-எ, அதாவது எடோ காலத்து மரக்கட்டை அச்சுப் படங்களின், சேகரிப்பில் பெரும்பகுதி பாரிசிலிருந்து திரும்பி வந்தது. ஆன்றி வெவேர் என்ற பாரிஸ் நகை வடிவமைப்பாளர் சேர்த்து வைத்திருந்த சுமார் 8,000 அச்சுகளை, கோபேயின் கப்பல்கட்டும் முதலாளி மத்சுகாதா கோஜிரோ 1920 வாக்கில் மொத்தமாக வாங்கி ஊருக்கு அனுப்பினார். அதே மத்சுகாதா, ஜப்பானிய இளைஞர்கள் நேரில் பார்ப்பதற்காக ஐரோப்பிய ஓவியங்களையும் வாங்கிக் குவித்தார், ஹயாஷியின் அதே கனவு. மோனேயை வீட்டுக்கே போய்ப் பார்த்து வாங்கினார். 1927இல் வங்கி நெருக்கடி வந்து கம்பெனி சாய்ந்தது. ஊரில் இருந்த ஓவியங்கள் சிதறின. லண்டன் கிடங்கில் இருந்தவை 1939இல் தீயில் போயின. பாரிசில் இருந்தவற்றை, போருக்குப் பிறகு எதிரி நாட்டுச் சொத்து என்று பிரான்ஸ் எடுத்துக்கொண்டது.

கடைசியில் 370க்கும் மேற்பட்ட படைப்புகளைத் தருவதாகப் பிரான்ஸ் ஒப்புக்கொண்டது, அவற்றுக்கென்று ஓர் அருங்காட்சியகம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. அப்படி 1959இல் திறந்ததுதான் மேற்கத்தியக் கலைக்கான தேசிய அருங்காட்சியகம். வரைந்தவர் லெ கொர்பூசியே. டோக்கியோவில் அதைக் கட்டி எழுப்பிய மயெகாவா, சகாகுரா, யொஷிசாகா மூவருமே அவருடைய பாரிஸ் பட்டறையில் வேலை பார்த்தவர்கள்.

சில படைப்புகளைப் பிரான்ஸ் கொடுக்கவில்லை. அவற்றில் ஒன்று வான்கோவின் ‘ஆர்ல் படுக்கையறை’. அந்த அறையை முதலில் வரைந்தபோது, நிழல்களை எல்லாம் நீக்கிவிட்டு, ஜப்பானிய அச்சு மாதிரி தட்டையான நிறங்களில் தீட்டியிருப்பதாகத் தம்பிக்குக் கடிதம் எழுதினார். பிற்பாடு அதே படத்தை இன்னும் இரண்டு முறை வரைந்தார். மத்சுகாதா வாங்கியது மூன்றாவது. ஜப்பானுக்குப் போக வேண்டிய அது இப்போது பாரிசில் ஒர்சே அருங்காட்சியகத்தில் தொங்குகிறது.

#16 வெண்கலமணி

படித்தேன். அந்த ஓவியத்தை ஒர்சேயில் நேரில் பார்த்திருக்கிறேன், இந்தக் கதை எதுவும் தெரியாமல். அடுத்த முறை அதன் முன்னால் இன்னும் கொஞ்ச நேரம் நிற்பேன்.